மாஸ்டர் சாப்பிட்ட தெருக்கள்

உலகம் சுற்றக் கிளம்புகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. கோட்டை பார்ப்பார்கள், பாலம் பார்ப்பார்கள், பனியில் நின்று பல் கிட்டிக்கப் படம் எடுத்துக்கொள்வார்கள். சாப்பாடு மட்டும் வீட்டில் சாப்பிடுகிற அதே சோறும் குழம்பும்தான் வேண்டும். வேறு எதைக் கண்டாலும் முகம் சுளித்துவிடும். அப்படிப்பட்டவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளிநாட்டுக்கு அழைத்துப்போகிற டூர் கம்பெனி ஒன்றில் சமையல்காரராக இருந்தார் ஒருவர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். வீட்டில் அவர் மனைவிகூடக் கோபம் வந்தால் "என்ன மாஸ்டரே" என்றுதான் ஆரம்பிப்பாள்.

'எங்கே போனாலும் வீட்டுச் சாப்பாடு' என்று கம்பெனி விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த வீட்டுச் சாப்பாடு இரண்டு பெரிய தகரப் பெட்டிகளில் மாஸ்டரோடு விமானம் ஏறும். அரிசி, பருப்பு, அரைத்த பொடிகள், ஊறுகாய் ஜாடி, இரண்டு பெரிய குக்கர், கரண்டிகள், அவருடைய கத்தி. போய் இறங்குகிற ஊரில் ஓட்டல் சமையலறையின் ஒரு மூலையை விடியற்காலையில் அவருக்கு ஒதுக்கிக் கொடுப்பார்கள். அந்த ஓட்டல் ஆட்கள் வேலைக்கு வருவதற்குள் சோறு வடித்து, குழம்பு இறக்கி, பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட வேண்டும். ஒரு ஓட்டலில் குக்கர் விசில் அடித்ததைக் கேட்டு, ஏதோ வெடிக்கப்போகிறது என்று காவல்காரர் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். மாஸ்டர் பதறவில்லை. அவருக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்து, அடுத்த விசிலையும் கேட்க வைத்துத்தான் அனுப்பினார்.

மத்தியானச் சாப்பாட்டை டப்பாக்களில் அடைத்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டால், சாயங்காலம் வரை மாஸ்டர் சும்மாதான். பயணிகள் ஊர் பார்க்கப் போய்விடுவார்கள். மாஸ்டர் குளித்து, வெளுத்த சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, ஓட்டலின் பின்வாசல் வழியாக இறங்கி நடப்பார். அவர் போவது சாப்பிடத்தான்.

ஊருக்கே வீட்டுச் சாப்பாடு போடுகிற மனுஷன் தெருவில் போய்ச் சாப்பிடுவானேன் என்று கேட்கலாம். அது தெரிய வேண்டுமென்றால் மாஸ்டர் எப்படி வளர்ந்தார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மீசை அரும்புவதற்கு முன்பே அவர் ஒரு கல்லூரி விடுதிச் சமையலறையில் வெங்காயம் உரிக்கச் சேர்ந்துவிட்டார். அங்கேயே வளர்ந்து, அங்கேயே கரண்டி பிடித்து, அங்கேயே மாஸ்டர் ஆனார். சமையலறையில் நிற்கிறவன் சாப்பாடு எப்படி இருக்கும் என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. நூறு பேர் பசியாறின பிறகு, அடிச்சட்டியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி, ஆறிப்போன குழம்பை ஊற்றி, நின்ற வாக்கிலேயே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வதுதான் அவன் சாப்பாடு. அதுவும் அவனே சமைத்தது. உப்பு கூடியிருந்தாலும் அவன் குற்றம், குறைந்திருந்தாலும் அவன் குற்றம். சாப்பிடும்போதுகூட வேலையை நினைத்துக்கொண்டேதான் சாப்பிடுவான். கல்யாணமாகி மனைவி வந்த பிறகும் பெரிய மாற்றம் இல்லை. அவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு அக்கம்பக்கத்துக்குத் துணி தைப்பவள். "உலகத்துக்கே சமைக்கிறவருக்கு நான் சமைச்சுப் போட்டு, நீங்க அதுல நொட்டை சொல்லவா?" என்று வீட்டுச் சமையலையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டாள். அவர் நொட்டை சொல்லுகிற ஆளில்லைதான். இருந்தாலும் அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

விடுதி ஆண்டு விழாவுக்கு வந்த டூர் முதலாளி, மாஸ்டர் கைச் சாப்பாட்டை ருசி பார்த்துவிட்டு நேராகச் சமையலறைக்குள் வந்தார். "பாஸ்போர்ட் இருக்கா?" என்று கேட்டார். மாஸ்டர், "ரேஷன் கார்டு இருக்குங்க" என்றார். அப்படித்தான் அவர் வெளிநாடு போனார்.

முதல் இரண்டு மூன்று பயணங்களில் ஓட்டலை விட்டு அவர் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாஷை தெரியாது, வழி தெரியாது, காணாமல் போய்விட்டால் யாரைக் கேட்பது? மிச்சச் சோற்றைத் தின்றுவிட்டுப் பெட்டிமேல் சாய்ந்து தூங்குவார். பிறகு ஒரு குளிர்ப்பிரதேசத்துப் பட்டணத்தில், மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், காய்கறித் தோலைக் கொட்டுவதற்காகப் பின்வாசலுக்குப் போனார். எதிர்ச் சுவரோரம் ஒரு தள்ளுவண்டி. அதில் பெரிய அண்டா, அண்டாவுக்குப் பின்னால் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மா. இவர் அரைக்கைச் சட்டையோடு நடுங்குவதைப் பார்த்து, அந்த அம்மா கையைத் தட்டிக் கூப்பிட்டாள். இவர் தயங்கினார். அவள் அதட்டினாள். பாஷை புரியாவிட்டாலும் அதட்டல் புரிந்தது. ஒரு கிண்ணம் நிறையச் சூடான சாறு, உள்ளே கிழங்கும் இறைச்சியும், மேலே தூவிய பச்சை இலை. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் குடித்தார்.

யாரோ ஒருத்தி, தனக்கென்று, சட்டியிலிருந்து சூடாக ஊற்றித் தந்து, குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படி ஒன்று தனக்கு நடந்ததாக அவருக்கு ஞாபகமே வரவில்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரம் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா தண்ணீர் கொடுத்தாள்.

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம்.

அதற்குப் பிறகு போகிற ஊரெல்லாம் தெருச் சாப்பாடுதான். கம்பெனி கைச்செலவுக்குத் தருகிற சில்லறையே அதற்குத் தாராளமாகப் போதும். துறைமுகப் பட்டணம் ஒன்றில், படகிலிருந்து இறக்கின மீனை அங்கேயே பொரித்துக் காகிதத்தில் சுருட்டிக் கொடுத்தார்கள். விரலைச் சுட்டுக்கொண்டே தின்றார். மலைச்சரிவில் இருந்த ஒரு ஊரில், கல்லடுப்பின் உள்சுவரில் அறைந்து சுட்ட ரொட்டிக்குள் பாலாடையும் கீரையும் வைத்து மடித்துத் தந்தார்கள். அதைக் கடித்துக்கொண்டே மலை ஏறி, பாதி மலையில் ரொட்டி தீர்ந்துபோக, இன்னொன்று வாங்க மறுபடி இறங்கினார். ஆற்றுப்பாலத்துக்கு அடியில் ஒரு கிழவர் அரிசிமாவு உருண்டையை ஆவியில் வேகவைத்து விற்றார். மாஸ்டர் அவர் விரல் போகிற வேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில், கிழவர் சிரித்து, ஒரு பிடி மாவைக் கிள்ளி இவர் கையில் வைத்துவிட்டார். இவர் பிடித்த உருண்டை கோணல்மாணலாக வந்தது. கிழவர் அதையும் வேகவைத்து இவரிடமே கொடுத்து, அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டார்.

கடையைத் தேர்ந்தெடுக்க மாஸ்டர் வைத்திருந்த கணக்கு ரொம்ப எளிமையானது. லாரி டிரைவரும் தெருக்கூட்டுகிறவரும் எங்கே நிற்கிறார்களோ அங்கே போய் நிற்பார். முன்னால் நிற்கிறவர் வாங்கினதைக் கையைக் காட்டி வாங்குவார். "இதில் இறைச்சி உண்டா?" என்று கேட்கவேண்டுமென்றால் கோழி மாதிரி கொக்கரித்துவிட்டு, விரலை ஆட்டிக் கேட்பார். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற பயணிகள் யாராவது பின்னால் கேட்டால் சொல்லவேண்டுமே என்பதற்காக விசாரித்து வைத்துக்கொள்வார். அவர்கள் யாரும் கேட்டதே இல்லை.

ஊர் திரும்பினதும் மனைவியிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வார். அவள் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள். மீன் பொரிகிற சத்தம்கூட வாயாலேயே செய்து காட்டுவார். ஒரு தடவை அவள் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஊரெல்லாம் சுடச்சுடத் தின்னுட்டு வந்து எனக்கு வாயாலயே பரிமாறுறீங்க. நல்லா இருக்குங்க உங்க நியாயம்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. மறுநாளே அந்தக் கீரை ரொட்டியை வீட்டில் செய்து பார்த்தார். கல்லடுப்பு இல்லை, அந்தப் பாலாடை இல்லை. மனைவி ஒரு துண்டு பிட்டுத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க சொன்னது இது இல்லையே" என்றாள். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்தப் பெட்டி விவகாரம் வந்து சேர்ந்தது.

அந்தத் தடவை பஸ் நிறைய ஆட்கள். அவர்களில் மெத்தைக்கடை முதலாளி ஒருவர். நாலு கடை வைத்திருப்பவர். எங்கே போனாலும் அங்கே உள்ள கட்டிலை அழுத்திப் பார்த்துவிட்டு, "பஞ்சு சரியில்லை" என்று சொல்லாமல் உட்கார மாட்டார். அவர் மனைவி வாயே திறக்காதவர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பார்த்தபடியே ஊர் ஊராக வந்தவர். எல்லோரையும் மேய்த்துக்கொண்டு வந்த டூர் மேனேஜர் ஒல்லியான ஆள். இரண்டு காதிலும் இரண்டு போன்.

விமான நிலையத்தில் எல்லார் பெட்டியும் வந்துவிட்டது. மாஸ்டரின் இரண்டு தகரப் பெட்டி மட்டும் வரவில்லை. பெட்டி வருகிற பட்டை சுற்றிச் சுற்றி, கடைசியில் வெறும் பட்டையாக நின்றது. மேனேஜர் அங்கே ஓடினார், இங்கே ஓடினார். பெட்டிகள் வேறொரு விமானத்தில் ஏறி வேறொரு கண்டத்துக்குப் போய்விட்டன. வந்துசேர இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார்கள்.

"மாஸ்டர்ண்ணே, எப்படியாவது சமாளிங்க" என்றார் மேனேஜர்.

"கத்திகூடப் பெட்டியிலதான் தம்பி இருக்கு" என்றார் மாஸ்டர்.

ஓட்டல் பக்கத்துக் கடையில் ஒரு மாதிரி ஒட்டுகிற அரிசிதான் கிடைத்தது. பொடி இல்லை, புளி இல்லை, பருப்பு இல்லை. ஓட்டல்காரரிடம் கெஞ்சி வாங்கின சட்டியில் அதைக் குழைய வேகவைத்து, உப்பும் தயிரும் போட்டுக் கலந்து டப்பாக்களில் அடைத்தார். அதைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு கால் தானாகவே பின்வாசல் பக்கம் திரும்பியது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்து முழுக்கப் புகையும் வாசனையும். டிரைவர்களும் கண்டக்டர்களும் வரிசை கட்டி நின்றார்கள். மாஸ்டரும் நின்றார். கரியில் வாட்டின மக்காச்சோளம், மெல்லிய மாவுத் தகட்டில் முட்டை ஊற்றிச் சுருட்டினது, மிளகு தூக்கலான காளான் வறுவல். மனசு சரியில்லாதபோதும் நாக்கு சரியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் திரும்பிவந்த பயணிகளுக்கு மறுபடி அதே குழைந்த சோறு. மெத்தைக்கடை முதலாளி தட்டைத் தள்ளிவிட்டார்.

"இந்தக் கஞ்சியைக் குடிக்கவா நாங்க கடல் தாண்டி வந்தோம்? ஆஸ்பத்திரியிலகூட இதைவிட நல்லாப் போடுவான்!"

ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மாஸ்டர் கரண்டியோடு தலை குனிந்து நின்றார். அப்போது, அதுவரை ஒரு வார்த்தை பேசாத மெத்தைக்கடை அம்மா மெல்லக் கேட்டார்.

"மாஸ்டர், நீங்க மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"நானாம்மா... ஏதோ..."

"உங்க சட்டையில நல்ல வாசம் வருது. வாட்டின வாசம். கிட்ட வந்து சோறு போட்டீங்கல்ல, அப்பவே வந்துச்சு."

கூடமே மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தது. அவருக்குக் காது மடல் சூடேறிவிட்டது. இவர்கள் வயிறு காய்ந்துகொண்டிருக்கும்போது தான் மட்டும் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு வந்து நிற்பது அந்த நிமிஷம்தான் அவருக்கே உறைத்தது. மறைக்க அவருக்குத் தெரியவில்லை. டிப்போவுக்குப் பின்னால் இருந்த சந்தைச் சொன்னார், சோளத்தைச் சொன்னார். சொல்லச்சொல்ல, தன்னையும் மீறி, காளான் சட்டியில் விழுகிற சத்தத்தை வாயால் செய்துவிட்டார்.

யாரோ ஒருவர் எச்சில் விழுங்கியது எல்லோருக்கும் கேட்டது.

"நாளைக்கு எங்களையும் கூட்டிட்டுப் போங்க" என்றார் மெத்தைக்கடை அம்மா.

"பைத்தியமா உனக்கு? தெருவுல நின்னு திங்கிறதா? நம்ம அந்தஸ்து என்ன?" என்றார் முதலாளி.

"வயிறு காலியா இருக்குங்க. அந்தஸ்தைத் திங்க முடியாது."

கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மா அவரிடம் இப்படிப் பேசினதில்லை போலிருக்கிறது. முதலாளி தண்ணீர் குடித்தார்.

மேனேஜர் மாஸ்டரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "யாருக்காவது வயித்தைக் கலக்குச்சுன்னா கம்பெனி முதலாளி என் தோலை உரிச்சுடுவார்ண்ணே."

"கலக்காது தம்பி. நான் பார்த்துக்கறேன்" என்றார் மாஸ்டர். அந்த வார்த்தைதான் பிறகு அவர் கழுத்தைப் பிடித்தது.

மறுநாள் மத்தியானம் கூட்டம் முழுவதும் டிப்போ சந்துக்குள் நுழைந்தது. ஒருவர் பின்னால் ஒருவர், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏதோ சுரங்கத்துக்குள் போகிறவர்கள் மாதிரி. மாஸ்டர் முன்னால் நடந்தார். ஒவ்வொரு வண்டியிலும் நின்று, கொக்கரித்து, விரலை ஆட்டி, மரக்கறிக்காரர்களுக்கு எது, மற்றவர்களுக்கு எது என்று பிரித்துவிட்டார். காளான் வறுக்கிறவர் இந்தக் கொக்கரிப்பைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு ஆடு மாதிரி கத்தி, "அதுவும் இல்லை" என்று கையை விரித்தார். சந்தே சிரித்தது. பயணிகளும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கைப்பைகள் தோளுக்குப் போயின.

பஸ் ஏறினதிலிருந்து மூட்டுவலி, முதுகுவலி என்று புலம்பிக்கொண்டு வந்த ரிட்டயர்டு தலைமையாசிரியை ஒருவர், மக்காச்சோளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டிரைவர்களுக்கு நடுவில் நடைபாதைக் கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு டிரைவர் தன் சோளத்தில் எலுமிச்சை பிழிந்து தேய்த்துக் காட்டினார். இவரும் தேய்த்தார். இரண்டு பேரும் அவரவர் பாஷையில் பேசிக்கொண்டே தின்றார்கள். ஓட்டல் அறைகளில் அடைந்து, பஸ் கண்ணாடி வழியாகவே ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தவர்களிடம் அந்த ஊர்க்காரர் ஒருவர் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை.

மெத்தைக்கடை அம்மா முட்டைச் சுருளைக் கடித்துக் கண்ணை மூடினார். மாஸ்டர் பக்கத்திலேயே நின்று அவர் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்காம்மா?"

"பேசாதீங்க மாஸ்டர். கொஞ்ச நேரம் பேசாதீங்க."

முதலாளி மட்டும் சந்து முனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பையில் வைத்திருந்த பிஸ்கட்டைத் தின்றார். மாஸ்டர் ஒரு தட்டைக் கொண்டுபோய் நீட்டினார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை மாஸ்டர் எழுந்து முகம் கழுவுவதற்குள் மேனேஜர் ஓடி வந்தார். மெத்தைக்கடை அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. மாஸ்டர் வெந்நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். கதவைத் திறந்த முதலாளியின் கண் சிவந்திருந்தது. கோபம் என்றுதான் மாஸ்டர் நினைத்தார். கோபமும் இருந்தது.

"பார்த்துக்கறேன்னு சொன்னியே! என்ன பார்த்துக்கிட்டே? இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? பாஷை தெரியாத ஊர்ல நான் யார்கிட்ட போய் நிப்பேன்?" என்று கத்திக்கொண்டே வந்தவர், கடைசி வார்த்தையில் குரல் உடைந்து நின்றுவிட்டார்.

கட்டிலிலிருந்து அந்த அம்மாவின் குரல் ஈனமாக வந்தது. "அவரை ஏன் திட்டுறீங்க? அவர் பார்க்காதப்ப நான் அந்தக் காளானை ரெண்டு தடவை திரும்பிப் போய் வாங்கினேன். மத்தவங்க எல்லாம் கல்லு மாதிரி இருக்காங்கல்ல? என் வயிறு, என் ஆசை. நீங்க அந்தத் தண்ணியை வாங்கிக் கொடுங்க."

ஓட்டலுக்கு வந்த டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்தார். சாயங்காலத்துக்குள் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே பெட்டிகளும் வந்துசேர்ந்தன. மாஸ்டர் குழம்பு வைத்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். தலைமையாசிரியை மட்டும், "குழம்பு அருமை மாஸ்டர். ஆனா நாளைக்கு அந்தச் சந்துப் பக்கம்..." என்று ஆரம்பித்து, மேனேஜர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஊர் திரும்பினதும் மெத்தைக்கடை முதலாளி டூர் ஆபீசுக்குப் போய் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். டூர் முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"மாஸ்டர், உங்க கை ருசிக்கு நான் அடிமை. அது வேற. வீட்டுச் சாப்பாடுன்னு போர்டு போட்டுட்டு ஜனங்களைத் தெருவுல நிக்க வெச்சோம்னு வெளியே தெரிஞ்சா என் பொழப்பு நாறிடும். அந்த ஆளுக்குத் தெரிஞ்சவங்க ஊரெல்லாம் இருக்காங்க. அடுத்த டூருக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"புரியுதுங்க" என்றார் மாஸ்டர். நியாயம் கேட்கவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர் அவர்தான். ஒருத்தர் படுத்துவிட்டார், அதுவும் நடந்ததுதான். டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் சொன்னபோது மனைவி மிஷினை நிறுத்தவில்லை. ஒரு ஜாக்கெட்டின் கை முழுவதையும் தைத்து முடித்தாள். பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "அந்தக் காளான் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கேன்டீனில் வேலை கிடைத்தது. வேலைக்குக் குறைவில்லை. நோயாளிக்குக் கஞ்சி, கூட வந்தவர்களுக்குச் சோறு, டாக்டர்களுக்குக் காபி. உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, காரத்தைக் குறை. இப்படிக் குறைத்துக் குறைத்து மாஸ்டரும் குறைந்துகொண்டே வந்தார். பேச்சு குறைந்தது. பழையபடி அடிச்சட்டிச் சோற்றை நின்றவாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டார். ஓய்வு நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய், துணி காய்கிற கொடிகளுக்கு நடுவில் நின்று, ஆகாயத்தில் விமானம் போனால் அது கண்ணுக்கு மறைகிற வரை பார்ப்பார். ஒரு வருஷம் அப்படி ஓடியது.

ஒரு நாள் கேன்டீன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற ஓர் அம்மா தட்டை நீட்டாமல் அப்படியே நின்றார். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். மெத்தைக்கடை அம்மா.

"நீங்களாம்மா? உடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லை. அவருக்கு முதுகு. வந்த இடத்துல கட்டில் சரியில்லைன்னு மேலே டாக்டரோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கார்." சிரித்தவர், அவருடைய வெள்ளைத் தொப்பியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "எங்களாலதானே மாஸ்டர் இங்க வந்தீங்க? எனக்குத் தெரியவே தெரியாது. அவர் சொல்லவே இல்லை."

"விடுங்கம்மா. அவர் பயந்துட்டார். அவ்வளவுதான்."

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டது. ஒதுங்கி நின்று, கூட்டம் குறைகிற வரை காத்திருந்து, மறுபடி வந்தார்.

"நாங்க ஆறேழு பேர் கிளம்பலாம்னு இருக்கோம். அந்தச் சோளம் தின்ன டீச்சரம்மாவும் வர்றாங்க. கம்பெனி கிம்பெனி எல்லாம் வேண்டாம். நீங்க வரணும். உங்க செலவு எங்களோடது."

"நான் சமையல்காரன்மா. இங்க லீவு சொல்லிட்டு வந்தாலும், பெட்டி, குக்கர் எல்லாம்..."

"பெட்டியும் வேண்டாம், குக்கரும் வேண்டாம். நீங்க எங்களுக்கு ஒண்ணும் சமைக்காதீங்க. எங்க நிக்கணும்னு மட்டும் காட்டுங்க."

மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "முதலாளி?" என்று கேட்டார்.

"அவர் பிஸ்கட் எடுத்துக்கிட்டு வர்றதுன்னா வரட்டும்."

அன்று வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது, மனைவி மிஷினிலிருந்து காலை எடுத்தாள். மாஸ்டர் இழுத்து இழுத்துச் சொன்னார்: "இப்பவாவது உன்னைக் கூட்டிட்டுப் போகலாம்னு பார்க்குறேன். ஆனா செலவு..."

"உங்களை யாருங்க கேட்டா? என் தையல் காசுல நான் வர்றேன். எனக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்க" என்றாள்.

அந்தப் பயணம் நல்லபடியாக முடிந்தது. டீச்சரம்மா இரண்டு முறை வழி தவறினார். இரண்டு முறையும் ஏதோ ஒரு வண்டிக்குப் பக்கத்தில் கையில் தட்டோடு கண்டுபிடிக்கப்பட்டார். மெத்தைக்கடை முதலாளி வரவில்லை. அடுத்த வருஷம் வந்தார். மூன்றாவது நாள் ஒரு கிண்ணம் கீரைச் சாறு குடித்தார். யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கேன்டீன் வேலையை மாஸ்டர் விடவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை லீவு போடுவார். கேன்டீன் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போடுவார்.

மாஸ்டருக்கு இப்போது புதிதாக ஒரு தொல்லை. மனைவிக்கு அவருடைய லாரி டிரைவர் கணக்கில் நம்பிக்கை இல்லை. டிரைவருக்கு அவசரம், கிடைத்ததைத் தின்பான் என்பது அவள் கட்சி. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாங்குகிற பெண்கள் எங்கே நிற்கிறார்களோ, அங்கேதான் அவள் நிற்பாள். சென்ற முறை ஏதோ ஒரு பட்டணத்தில், தெருமுனையில் நடுவெயிலில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். "அந்த வண்டியில எண்ணெயைப் பாருங்க, பழசு" என்றாள். "எண்ணெயைப் பத்தி எனக்கே சொல்றியா?" என்றார் இவர். கூட வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து நின்றார்கள். மெத்தைக்கடை அம்மா சட்டென்று அவள் பக்கம் போய்விட்டார்.

கடைசியில் மாஸ்டர் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசையிலும், அவர் மனைவி அந்தப் பக்கம் ஒரு வரிசையிலும் போய் நின்றார்கள். அவள் வரிசைதான் வேகமாக நகர்ந்தது.